கல்மேட்டில் தினமும் கூடிய கல்

செத்தவங்க வீட்டைத் தோண்டுற வேலையில ஒரு நிம்மதி, வீட்டுக்காரர் வந்து சத்தம் போட மாட்டார். அதுக்குத்தான் மேஸ்திரி இருக்கார். மண் சுமக்கிற அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குச் சொல்லவா வேணும்!

எங்க ஊர் அபிராமத்துப் பக்கம். ஊருக்கு வெளியே சரளை மேட்டுல, பழங்காலத்து ஆளுகளைப் புதைச்சு மேல கல்லைக் குவிச்சு வச்சிருக்கு. அதைத் தோண்டிப் பார்க்க ஒரு மேடம் வந்தாங்க; நான் கூடை தூக்கப் போனேன். ரெண்டு வயசு மகளையும் கூட்டிட்டு வர விடுற வேலை வேற எங்க கிடைக்கும்?

முதல் நாள்

எனக்கு ஆள் முகம் பார்த்துப் பேச வராது. மேடம் பேர் கேட்டாங்க. தரையைப் பார்த்துச் சொன்னேன். மகளோ மேடத்தோட தொப்பியை எடுத்துத் தலையில மாட்டிக்கிட்டா. கூட வேலை பார்க்கிற பஞ்சவர்ணம் அக்கா சிரிச்சாங்க: "ஏத்தா, உனக்கும் சேத்து உம் மகளே பேசிக்கிருவா போல!"

கரி

தோண்டுனதுல வந்த பானை ஓட்டைக் கழுவச் சொன்னாங்க. உள்பக்கம் ஒரே கறுப்பு. கரியை அப்படியே விட்டா நான் என்ன பொம்பளைன்னு, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு, கறுப்பு போற வரைக்கும் தேய்ச்சேன். அது கரியில்லையாம், சூளையிலேயே ஏத்துன நிறமாம். "இன்னொரு தப்பு நடந்தா வேலையை விட்டு நின்னுக்க"ன்னார் மேஸ்திரி. மேடம் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "இத்தனை காலம் மண்ணால முடியாததை ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டியேம்மா!"

யார் வச்சது?

குவியல்ல இருந்த கல்லுக்கெல்லாம் மேடம் சாக்பீஸால நம்பர் போட்டு, படம் வரைஞ்சாங்க. ஆனா தினமும் காலையில நம்பர் இல்லாத கல் ரெண்டு கூடியிருக்கும். மேஸ்திரிக்கு ஆடு மேய்க்கிற கருப்பையா அண்ணன் மேல சந்தேகம். "இனிமே இந்த மேட்டுல ஒரு ஆடு ஏறக்கூடாது"ன்னு கத்தினார். அண்ணன், "நான் தொடவே இல்லப்பா"ன்னு பாவமா நின்னார்.

நான் வாயைத் திறந்தா வேலை போயிரும். ஆனா அந்த ஆடுகளுக்கு வேற மேய்ச்சலே இல்ல.

"நாந்தான் மேடம் வச்சேன்." அன்னைக்குத்தான் அவுங்க முகத்தைப் பார்த்தேன். "இந்த வழியாப் போனா, உள்ள கெடக்கிறவுகளுக்கு ஒரு கல்லு வைக்கணும். எங்க ஊர்ல அந்தக் காலத்துல எல்லாரும் வைப்பாக. சின்னக் கல்லு எம் மக வச்சது."

"பாத்தீங்களா மேடம்!"னு மேஸ்திரி குதிச்சார். மேடம் நோட்டை எடுத்து எழுதிக்கிட்டே சொன்னாங்க: "இந்தப் பொண்ணை நிறுத்திட்டா, இவ்வளவு கல்லு எப்படிச் சேந்துச்சுன்னு எனக்கு யாருய்யா சொல்லுவா? நீ வையும்மா, கொஞ்சம் தள்ளி வையி."

இப்ப தள்ளி ஒரு குட்டிக் குவியல் வளருது. அதுல மேடம் வச்ச கல்லு எதுன்னு தேடவே வேண்டாம், அதுல மட்டும் நம்பர் இருக்கும்.