கார்பாலிக் விழுந்த தொட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கை மலையகத்தில் வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிஸ்பென்சராக இருந்தேன். காய்ச்சலுக்கு மருந்து கலந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் சுத்தத்தைக் கவனிப்பது எல்லாம் என் பொறுப்பு.

மழை பொய்த்துப்போன ஒரு மாசி மாதம். கக்கூசுகளில் ஊற்றுவதற்காகக் கொண்டுபோன கார்பாலிக் என்ற நச்சுக் கிருமிநாசினி ஜாடி, தூக்கிப் போனவரின் கால் வழுக்கியதில், மேல் லயத்தின் குடிதண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து உடைந்துவிட்டது. மலையூற்று நீர் பீலி என்ற குழாய் வழியாக வந்து நிறையும் தொட்டி அது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது லயமே தொட்டியைச் சுற்றி நின்றது. நெடி கண்ணைக் கரித்தது.

"யாரும் தொடாதீங்க. அவ்வளவையும் எறைச்சுக் கொட்டணும்" என்றேன்.

கொழுந்தெடுக்கும் பெண் ஒருவர், கைக்குழந்தைக்காரி, முன்னால் வந்தார். "எறைச்சுட்டுக் குடிக்கிறதுக்கு எங்கங்க போறது? பீலியில தண்ணி நூலா வருது. வாசந்தான் காத்துல போய்க்கிட்டு இருக்கே. ரெண்டு நாள் தொறந்து வச்சா மருந்தும் அதோட போயிராதுங்களா ஐயா?"

நியாயமான கேள்வி. ஈதரோ பெட்ரோலோ விழுந்திருந்தால் அவர் சொன்னது பலித்திருக்கும். அவை தண்ணீரில் தங்க விரும்பாதவை. கார்பாலிக் அப்படியல்ல என்று படித்திருந்தேன். ஆனால் படித்ததை மட்டும் சொல்லி, வறட்சியில் ஒரு தொட்டித் தண்ணீரைக் கொட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நீங்களே பாருங்க" என்றேன். தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு போத்தலில் அடைத்துத் தக்கையால் மூடினேன். இன்னும் கொஞ்சத்தை அகலமான பீங்கான் தட்டில் ஊற்றி, காற்று வீசும் இடத்தில் வைத்தேன். தட்டுக்குக் காவல் அவர்தான். ஆடு, கோழி, பிள்ளை எதையும் அண்டவிடவில்லை.

மறுநாள் மத்தியானம் எல்லோர் முன்னிலையிலும் மூன்று கண்ணாடிக் குவளைகளை வைத்தேன். ஒன்றில் பீலித் தண்ணீர், மற்றவற்றில் போத்தல் தண்ணீரும் தட்டுத் தண்ணீரும். ஒவ்வொன்றிலும் இரும்பு டிங்சர் என்ற மருந்தில் சில சொட்டு விட்டேன். கார்பாலிக் இருந்தால் ஊதாவாகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். பீலித் தண்ணீர் இளமஞ்சளாக நின்றது. மற்ற இரண்டும் ஊதா. வெயிலிலும் காற்றிலும் கிடந்த தட்டில் தண்ணீர் பாதியாக வற்றியிருந்தது. ஊதா மட்டும் வெளிறவில்லை.

அவர் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி, "வாளிய எடுங்கடி!" என்று கத்தினார்.

ஓடையில் விட்டால் கீழ் லயத்துக்காரர்கள் குடித்துவிடுவார்கள். அதனால் ஓடைக்கு எட்டாத தரிசில் குழி வெட்டி, வாளி வாளியாகச் சுமந்து கொட்டினோம். நானும் வரிசையில் நின்றேன். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பீலி நீர் மறுபடி நிறையும்வரை, பெண்கள் பள்ளத்து ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கினார்கள். மேல் லயத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட வயிற்றைப் புரட்டவில்லை.

தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்து, இந்த வறட்சியில் தொட்டி ஏன் காலி என்று அதட்டினார். நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் சொன்னார்:

"வாசத்த நம்பக் கூடாதுங்க தொரை. மூக்குக்குத் துளி போனாப் போதும். மிச்சம் பூரா தண்ணியிலயேதான் நிக்குது. நாங்க பாத்துட்டோம்."

துரை என்னைப் பார்த்தார். "அவங்க சொல்றது சரிதான்" என்றேன். டிஸ்பென்சர் பரீட்சையில் தேறிய அன்றுகூட என் நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை.