பதினாலாம் நாள்

பட்டன் தைப்பவளின் நாத்தனாருக்கு யாரோ சொன்னார்களாம்: மாதவிடாய் தொடங்கிய பதினாலாம் நாள் கருமுட்டை வெளிவரும், அன்றைக்கு விட்டால் அடுத்த மாதம்தான். தையல்கூடத்து இரைச்சலுக்கு நடுவே காதில் விழுந்த இந்தச் சேதியை என் அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா காலர் தைப்பவள். நாளுக்கு நூற்றெண்பது, ஒன்றுகூடக் கோணாது. மிஞ்சும் துண்டுத்துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் சட்டை தைப்பாள். வீட்டில் வைக்கமாட்டாள், பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவாள்.

அத்தானுக்கு லாரி. மாதத்தில் நான்கு நாள்தான் வீடு. அந்த நான்கும் பதினாலாம் நாளைச் சுற்றியே விழும்படி அக்கா பார்த்துக்கொண்டாள். "உங்கக்கா என் முதலாளியைவிடக் கறார்மா" என்பார் என்னிடம். ஆனாலும் லோடை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். இப்படியே முப்பத்தொரு மாதம்.

இன்று மதியம் ஸ்கேன் எடுத்த கையோடு, கிளினிக் வராந்தாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். கடல் தாண்டி இருக்கிற நான், அவள் முகத்தைப் பார்த்ததும் "என்னக்கா?" என்றேன்.

"பதினாலுன்னு யாரும்மா சொன்னதுன்னு டாக்டர் கேட்டாங்கடி. பட்டன் தைக்கிற பொண்ணுன்னேன். சிரிச்சுட்டாங்க."

"அப்புறம்?"

"அது இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தடவை வர்றவங்களுக்காம். எனக்கு முப்பத்தஞ்சுல்ல? அடுத்தது வர்ற நாள்லேருந்து பின்னால எண்ணிப் பதினாலு கழிக்கணுமாம். அப்படின்னா எனக்கு இருபத்தொண்ணு. அது இன்னிக்கு. முட்டை பழுத்து நிக்குதாம். இன்னிக்கோ நாளைக்கோ வெளிய வந்துடும். வந்தா ஒரே ஒரு நாள்தான் அதுக்கு உயிர்."

"அத்தான்?"

"அஞ்சு நாள் முன்னாடிதானே வழியனுப்பினேன்." சிரிக்கப் பார்த்தாள். "மாசாமாசம் ரயில் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டேஷனுக்குப் போய் நின்னுட்டு, அது வர்ற நேரத்துக்கு வீட்டுக்குத் திரும்பியிருக்கோம்டி. எனக்கு முப்பத்தெட்டு ஆகுது."

அத்தான் ஆறு மணி நேரத் தூரத்தில் சரக்கை இறக்கிவிட்டார். காலி வண்டியோடு திரும்பினால் இன்றே வந்துவிடலாம். அடுத்த லோடை ஏற்றிவிட்டால் திரும்ப ஒன்பது நாள் ஆகும்.

"உடனே கூப்பிடுக்கா!"

வரவேற்பு மேசைப் போனைக் கேட்டு வாங்கினாள். என்னைத் துண்டிக்கவில்லை. மணி அடிப்பது எனக்கும் கேட்டது. நான்கு, ஐந்து, ஆறு.

"வண்டி ஓட்டறப்போ போனை எடுக்கக்கூடாதுன்னு நான்தான்டி சத்தியம் வாங்கினேன்" என்றாள். "எந்தப் பக்கம் ஓட்டறாரோ."

மணி நின்றதும் மறுபடி எண்களை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டிருக்கிறது.