கண்ணாடியில் தட்டிய விரல்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. தாம்பரத்தில் ஒரு விமானப் பயிற்சிக் கூடத்தில் நான் மீட்டர் மெக்கானிக். சேலையூரிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். அங்கே ஒரு ஷெட்டுக்குள் மரத்தாலும் தகரத்தாலும் விமானியின் அறை போலவே ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பாது. ஆனால் உள்ளே இருக்கும் மீட்டர்கள் நிஜமாகப் பறப்பதாகவே காட்டும்.

மூன்று பேர் ஓட்டும் விமானத்தை இரண்டு பேரே ஓட்ட முடியுமா என்று அதில் சோதனை. மூன்றாமவர் வேலை எஞ்சின் மீட்டர்களைக் கவனிப்பது. அவர் சீட்டை எடுத்துவிட்டு, மீட்டர்களை இரண்டு பைலட்டுகளுக்கும் நடுவில் பொருத்தினோம். சோதனையை நடத்தும் அதிகாரி வெளியே மேஜையிலிருந்து, எஞ்சினில் ஏதாவது கோளாறு வந்ததுபோல் மீட்டரில் காட்டவைப்பார். அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். நான் அவர்களுக்குப் பின்னால், மீட்டர்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, அவை காட்டுவதைக் குறித்துக்கொள்வேன்.

மூன்று வாரத்தில் ஒரு கோளாறைக்கூட அவர்கள் தவறவிடவில்லை. இரண்டு பேர் போதும் என்று ரிப்போர்ட்டும் டைப் ஆகிவிட்டது. அன்று டீ குடிக்கும்போது இளைய பைலட் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணா, நீங்க மீட்டர் கண்ணாடியில டொக்கு டொக்குனு தட்டுறீங்க பாருங்க, அப்பதான் நான் அந்தப் பக்கமே திரும்புறேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். முள் சட்டென்று இறங்கினால், சிக்கிக்கொண்டதோ என்று விரலால் தட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். தட்டியது எனக்கே தெரியாது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் நாளைக்கு நிஜ விமானத்தில் தட்ட ஆள் இருக்காதே! பயந்துகொண்டேதான் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

"இத இப்ப வந்து சொல்றியேப்பா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "சரி, நாளைக்குக் கையக் கட்டிகிட்டு நில்லு. பார்த்துடலாம்" என்றார்.

மறுநாள் ஆயில் பிரஷர் முள் இறங்க ஆரம்பித்தது. ஒருவர் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார், மற்றவர் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் விரல் துடித்தது. நாலே நிமிஷம், சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் போய்விட்டது. இளைய பைலட் திரும்பி என் கையைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

அதிகாரி என்னைத் திட்டவில்லை. ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "மூணாவது ஆளா இத்தனை நாளும் நீதான்யா இருந்திருக்க" என்றார்.

இன்றைக்கும் எங்காவது, 'இந்த வேலைக்கு எதற்கு இத்தனை பேர்?' என்று பேச்சு எழுந்தால், கணக்கில் வராமல் பின்னால் நிற்பவர் யார் என்றுதான் என் கண் தேடுகிறது.