தட்டில் மீந்தது

எங்கள் அலுவலகத்தில் அவரைக் 'கிராம் அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். தராசைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய், மதியச் சாப்பாட்டில் பிள்ளைகள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள், எவ்வளவு மீதி வைக்கிறார்கள் என்று நிறுத்து எழுதுவது அவர் வேலை. அந்த எண்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அதை வைத்துத்தான் நாடு முழுக்கப் பிள்ளைக்கு எத்தனை கரண்டி என்று மேலிடம் முடிவு செய்யும். பதினெட்டு வருடத்தில் அக்காவின் கணக்கு ஒரு கிராம் பிசகியதில்லை. "இவகிட்ட மாட்டின காய்கறிக்காரன் தொலைஞ்சான்" என்று அவர் வீட்டுக்காரர் சிரிப்பார்.

போன வருடம் செங்கல் சூளையை ஒட்டிய ஒரு பள்ளியில் ஐந்து நாள் கணக்கெடுப்பு. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் டப்பாக்கள் ஒவ்வொன்றும் ஒரு எடை. ஆகவே எல்லோருக்கும் ஒரே மாதிரித் தட்டு, மீந்ததை நிறுத்ததும் வாளியில் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து யோசித்த மகராசர்கள் போட்ட விதி. அக்காவும் டப்பாக்களை மூலையில் அடுக்கச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் எட்டு வயதுப் பெண் ஒருத்தி தட்டை விடவில்லை.

"குடும்மா, எடை போடணும்."

"இது தம்பிக்கு."

"தம்பி எந்த வகுப்பு?"

"அவன் சின்னப் பையன், வீட்ல இருக்கான். ரெண்டு நாளா நீங்க கொட்டிட்டீங்க."

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சமையற்கார அம்மாவிடம் ஓடினார்.

"ஆமாம்மா, தினமும் பாதியத் தின்னுட்டுப் பாதிய டப்பால போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. நீங்கதான டப்பா வேணாம்னீங்க."

"மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கீங்க. நான் என்னத்தச் சொல்றது?"

அன்றிலிருந்து நிறுத்த சாப்பாட்டை அக்கா டப்பாவிலேயே போட்டுக் கொடுத்தார். ஆனால் படிவத்தில் இருந்தது 'மீதி' என்ற ஒரே கட்டம்தான். அதில்தான் எழுத வேண்டியிருந்தது. அலுவலகம் வந்ததும் என்னிடம், "ரெண்டு நாள் அந்தப் புள்ளைங்களோட சோத்த என் கையாலயே கொட்டியிருக்கேன்டா" என்றார்.

அதிகாரியிடம் போய், அது மிச்சமில்லை, பங்கு என்று விளக்கினார்.

"புரியுதும்மா. ஆனா படிவத்துல அந்தக் கட்டம் இல்லையே. நடுவுல மாத்தினா மத்த பள்ளியோட ஒப்பிட முடியாது. குறிப்புல போடச் சொல்லுங்க."

போட்டேன். குறிப்பை எவரும் படிப்பதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன என்னை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அக்கா மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. நாலாவதாக வந்தது உத்தரவு: தேவைக்கு அதிகமாகப் பரிமாறப்படுகிறது, அளவைக் குறைக்கவும்.

இந்த வருடம், குறைத்தது சரிதானா என்று பார்க்க அக்காவையே அதே பள்ளிக்கு அனுப்பினார்கள். மாட்டேன் என்றார். "நீங்க போகலன்னா தராசு பிடிக்கத் தெரியாத எவனாவது போவான்" என்று அதிகாரி சொன்னதும் கிளம்பிவிட்டார். அந்தப் பெண்ணின் தட்டையும் நிறுத்தார். போன வருடம் முந்நூறு கிராமில் நூற்றெண்பதைத் தின்று நூற்றிருபதை வைத்தவள். இப்போது போடுவதே இருநூற்றிருபதுதான். தம்பிக்கு அதே நூற்றிருபதை ஒதுக்கிவிட்டு, நூறு கிராம் மட்டும் தின்றிருந்தாள். பள்ளி முழுக்க இதே கதை.

நான் எண்களை ஏற்றியதும் கணினி கணக்குப் போட்டுக் கொடுத்தது: மீதி, போன வருடம் நாற்பது சதவீதம், இந்த வருடம் ஐம்பத்தைந்து. அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார்.

"சார், சதவீதத்த விடுங்க, புள்ளைங்க தின்ன எடையப் பாருங்க" என்றார் அக்கா. கை கூப்பாத குறை.

"பாத்தேம்மா. அளவக் குறைச்சும் மிச்சம் ஏறியிருக்கு பாருங்க," என்றார் அவர், உண்மையான அக்கறையோடு. "இன்னும் ஒரு கரண்டி குறைக்கலாம்னு எழுதிடுவோம்."