மழைக்காலத்திலும் முப்பத்தாறு பேர்

இங்கே வந்து எட்டு வருடமாகியும் தொலைபேசியை எடுத்தால் எனக்கு ஒரு சின்னத் தயக்கம் வரும். "தமிழ்தானே, அங்கே உனக்கென்ன கஷ்டம்?" என்று ஊரில் கேட்கிறீர்கள். கேளுங்கள். பெருங்களத்தூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் ஒரு வாட்டர் பார்க்கில் வேலைக்குச் சேர்ந்த புதிது. யாருக்கு எந்த நாளில் எங்கே வேலை என்று ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. மே மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் கூட்டம் குறைவாக இருந்ததால், லைஃப்கார்ட் ரேவதியைப் போனில் கூப்பிட்டு, "அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ" என்றேன். மெதுவாக வந்தால் போதும் என்பதுதான் எங்கள் பேச்சில் அதற்கு அர்த்தம். அரை மணி நேரத்தில், ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்து, தலைகூடப் பின்னாமல் மூச்சிரைக்க வந்து நின்றாள். "யாருக்கு இன்னாக்கா ஆச்சு? ஆறுதல் சொல்ல வரச் சொன்னியே!" அன்று கேன்டீனில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பிறகு அவள் என்னை 'சிலோன் அக்கா' என்று கூப்பிடுவதை நிறுத்தி, வெறும் அக்கா ஆக்கிவிட்டாள்.

செம்பாக்கத்துக்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து இந்தப் பக்கம் வந்தவள் நான். அதற்கு முன் நிலாவெளியில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் மூன்று சீசன் வேலை செய்தேன். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர் நிறைந்திருப்பார்கள். ஒக்டோபரில் முதல் மழை விழுந்ததும் மேனேஜர் சமையல் நடக்கும் குசினி வாசலில் வந்து நின்று ஒரு தாளை வாசிப்பார். வாசிக்கப்பட்ட பெயர்க்காரருக்கு அன்றோடு வேலை இல்லை, ஏப்ரலில் திரும்பி வரலாம். இடையில் ஆறு மாதம் என்ன செய்வது என்று அந்தத் தாளில் எழுதியிருக்காது. மூன்று வருடமும் என் பெயர் அதில் இருந்தது. மழைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அம்மா எதுவும் கேட்கமாட்டா. ஏன் இன்றைக்கு முன்னதாகவே வந்தாய் என்றுகூடக் கேட்காத அந்த மௌனம்தான் எனக்குத் தாங்காது.

இங்கே பருவம் தலைகீழ். ஏப்ரல், மே முழுக்கத் தலைகளாக நிற்கும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் காலியாகும். ஐப்பசி மழையில் குளத்தில் தவளைதான் நீந்தும். பிறகு தையில் பொங்கல் விடுமுறைக்கு மறுபடி கூட்டம் மோதும். முதலாளி தனசேகர் சார், இந்த நிலத்தில் நெல் போட்ட குடும்பத்தில் பிறந்தவர். கூட்டத்தைப் பார்த்து ஆள் எடுப்பதும், கூட்டம் போனதும் அனுப்புவதும் அவருக்கு நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கூப்பிடுவது மாதிரி. நான் சேர்ந்த முதல் ஜூனில், முப்பத்தாறு பேரில் இருபத்திரண்டு பேரை நிறுத்தச் சொன்னார். பட்டியலை நானே எழுதினேன், நானே வாசித்தேன். ரேவதியின் பெயரும் அதில் இருந்தது. அஸ்தினாபுரத்தில் இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருப்பவள் அவள். "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அம்மாவின் மௌனத்தை அன்று மறுபடி கேட்டேன்.

நிறுத்தியவர்கள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டதால், அந்த வருடம் காணும் பொங்கலுக்கு ஒரு வாரத்துக்கு முன் புதிய ஆட்களைப் பிடித்துப் போட்டோம். நன்றாக நீந்துவார்கள். ஆனால் மோட்டார் போட்டு அலை எழுப்பும் அலைக்குளத்தில் நீந்தத் தெரிவது பெரிய விஷயமில்லை. பழகாதவர் தண்ணீரைப் பார்ப்பார், பழகியவர் தலைகளைப் பார்ப்பார். ஒரு தலை எத்தனை நேரம் மேலே வரவில்லை என்பது கண்ணில் ஊற ஒரு வருடம் வேண்டும். அன்று மத்தியானம் ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று அலைக்கடியில் போனது. மூன்று புதிய லைஃப்கார்டுகள் உயரமான நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, கூட்டத்திலிருந்த ஒரு தாய் சேலையோடு பாய்ந்து இழுத்துப் போட்டாள். பிள்ளை இருமி அழுதது, பிழைத்தது. முதலாளி அலைக்குளத்தை மூடச் சொல்லிவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார். பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மூன்று தடவை கேட்டார்.

அவருடைய பயம் ஜூன் வரை நிற்கவில்லை. அடுத்த ஜூனில் மறுபடியும் கூப்பிட்டார். "ஸ்கூல் தொறந்தாச்சு, அப்பால மழ வரும். இத்தினி பேர வச்சிகினு நா இன்னாம்மா பண்றது? லிஸ்ட் போடு." மார்ச்சில் திரும்பிச் சேர்ந்திருந்த ரேவதி வெளியே நின்றிருந்தாள். "இந்த வாட்டியும் என் பேரு இருக்குதாக்கா?" என்று கேட்டாள். நான் உள்ளே திரும்பிப் போனேன். "சேர், ஒரு மாதம் தாங்கோ. ஒருத்தரையும் அனுப்பாமல் ஒரு வழி கொண்டு வாறன்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாளிக்கு வா, பேசிக்கலாம்." எங்கள் ஊரில் 'பேசுவது' என்றால் திட்டுவது. இரவு முழுக்கத் திட்டு வாங்கத் தயாராகிக்கொண்டு மறுநாள் போனால், மனிதர் தேநீர் வாங்கிவைத்துக்கொண்டு காத்திருக்கிறார். "சொல்லு, இன்னா வழி?"

வழி ஜி.எஸ்.டி. சாலையிலேயே நின்றுகொண்டிருந்தது. பெருங்களத்தூரில் புதிது புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளில் எல்லாம் நீச்சல் குளம் உண்டு. கற்றுக்கொடுக்கவும் காவலுக்கு நிற்கவும் ஆள் இல்லாமல் பாதி பூட்டிக் கிடந்தன. எங்கள் ஆட்களை வாரத்தில் மூன்று நாள் கட்டணத்துக்கு அங்கே அனுப்புவது, மூன்று நாள் பார்க்கில் பயிற்சியும் பெயின்ட் வேலையும் கொடுப்பது, பொங்கலுக்கு எல்லாரும் ஒன்றாகத் திரும்பி வருவது. இதுதான் என் திட்டம். நான்கு குடியிருப்புகளில் வாசலோடு அனுப்பினார்கள். ஐந்தாவதில் குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை. "லேடீஸ் கோச் இருக்காங்களா? இங்க நாப்பது பேர் கத்துக்கணும்னு இருக்கோம், ஜென்ட்ஸ் சொல்லிக்கொடுத்தா எறங்க மாட்டோம்" என்றார். அடுத்த நாள் ரேவதியைக் கூட்டிப்போனேன். அவள் குளத்தைப் பார்க்கவில்லை. ஓரத்தில் நின்ற பெண்களைத்தான் பார்த்தாள். "யாருக்கு ரொம்ப பயம்? அவங்க மொதல்ல வாங்க" என்றாள். முதலில் இறங்கியவர் அந்த ஆசிரியையே. ஒரு மாதத்துக்குள், எங்களைத் திருப்பி அனுப்பிய நான்கு குடியிருப்புகளில் மூன்று தாங்களாகவே கூப்பிட்டன.

அந்த மழைக்காலம் எளிதாக இருக்கவில்லை. வேலை அட்டவணையை அழித்து அழித்து எழுதினேன். செம்பாக்கத்தில் தெருவில் தண்ணீர் ஏறிய நாட்களில் ஒருத்தரும் எங்கேயும் போகமுடியவில்லை. இரண்டு பேர் அடுக்குமாடியிலேயே நிரந்தர வேலை கிடைத்துப் போனார்கள். அவர்களுடைய இடத்துக்கு அப்போதே ஆள் எடுத்துப் பழக்கினோம். முதலாளி முணுமுணுத்தார். ஆனால் லிஸ்ட் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை.

காணும் பொங்கலன்று காலையில் பெருங்களத்தூர் சந்திப்பில் வண்டி அசையவில்லை. எங்கள் ஆட்கள் சுற்றுவட்டாரத்துக்காரர், நடந்தே வந்து சேர்ந்தார்கள். எட்டரை மணிக்கு நின்று எண்ணினேன். முப்பத்தாறு பேர். ஒரு தலைகூடக் குறையவில்லை. மத்தியானம் அலைக்குளத்தில் கால் வைக்க இடமில்லாதபோது, ரேவதியின் விசில் கேட்டது. நான் திரும்புவதற்குள் அவள் தண்ணீருக்குள் இருந்தாள். ஒரு தடித்த இளைஞனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவந்து கரையில் உட்காரவைத்தாள். பக்கத்தில் நின்றவர்களுக்கே என்ன நடந்தது என்று தெரியாது. "கால் மடங்கிச்சிக்கா, எனக்கு நீச்சல் தெரியும்" என்று அவன் வெட்கத்தோடு சொல்ல, "தெரியும், தெரியும், மொதல்ல மூச்சு வுடு" என்றாள். அலைக்குளம் அன்று ஒரு நிமிடம்கூட மூடப்படவில்லை. வாசல் பூட்டியதும் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். "மோட்டார போடுங்கடா, இன்னிக்கி நம்ம ஆளுங்க குளிக்கட்டும்" என்றார்.

சமையல்காரர் முதல் டிக்கெட் கவுண்டர்ப் பெண்கள் வரை எல்லாரும் உடுப்போடு இறங்கினார்கள். கேன்டீன் படியில் நிறுத்தி ஒரு படம் எடுத்து ஊருக்கு, தங்கச்சிக்கு அனுப்பினேன். "ஆர் அக்கா இவ்வளவு பேரும்?" என்று கேட்டு எழுதினாள். "எங்கட ஆக்கள்" என்று எழுதினேன். உடனே அவளுடைய குரல் பதிவு வந்தது: "எங்கட ஆக்களோ? எந்த ஊர்?" அவள் குரலுக்குப் பின்னால் எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மார்கழி கழிந்தும் விடாத மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஈரக் கூந்தலைப் பிழிந்துகொண்டு ரேவதி எட்டிப் பார்த்தாள். "இன்னா கேக்குறாங்க? அஸ்தினாபுரம்னு போடுக்கா." அப்படியே எழுதி அனுப்பினேன். பிறகு அந்தக் குரலை இன்னொரு தடவை போட்டுக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். அலை முழங்காலில் வந்து மோதியது. காதுக்குள் இன்னும் அங்கே மழை பெய்துகொண்டிருந்தது.