மாசிடோனியாவுக்கு வாங்கிய குல்லாக்கள்

எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில், பட்டுச்சேலைகளுக்கும் பின்னால், ஒரு துணிப்பையில் நேற்றுவரை ஒன்பது குரங்குக் குல்லாக்கள் இருந்தன. எல்லாம் ஒரே அரக்கு நிறம். ஒருமுறைகூட யார் தலையிலும் ஏறாதவை. வருடத்துக்கு ஒருமுறை பீரோவை ஒழிக்கும்போது அவற்றை எடுத்து உதறி, புது அந்துருண்டை போட்டு, பழையபடி உள்ளே வைப்பேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகுதான் எனக்கு அதற்கு நேரம் கிடைக்கும் என்பதால், இந்த வேலை எப்போதும் கத்திரி வெயிலில்தான் வந்து விழுகிறது. குளத்தூர்ப் பக்கத்து வெயிலில் ஃபேன் காற்றே அனலாக அடிக்கும்போது கம்பளிக் குல்லாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். மாமா இவற்றை வாங்கி வந்த அன்று எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

மாமா என்றால் என் மாமனார். குவைத்தில் ஒரு கிரேன் பட்டறையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே அவருக்கு மேலாளாக இருந்தவர் வட மாசிடோனியா என்ற நாட்டுக்காரர். மாமா அவரைப் போர்மேன் என்றுதான் சொல்வார். இரண்டு பேரும் அரைகுறை அரபியிலேயே பத்துப் பன்னிரண்டு வருடம் பேசிச் சிரித்து, சண்டையும் போட்டிருக்கிறார்கள். போர்மேனின் ஊரில் ஒரு பெரிய ஏரி. ஏரிக்கரையில் அவர் வீடு. திராட்சைக் கொடி படர்ந்த பந்தலுக்குக் கீழே நீளமான மேசை போட்டு, அண்ணன் தம்பிகள் நாலு பேரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு சாப்பிடுகிற படம் ஒன்று மாமாவின் போனில் இருந்தது. பந்தலுக்குப் பின்னால் அந்த ஏரி, நீலமாய். அடுத்த கரை கண்ணுக்குத் தெரியாது. அந்த அண்ணன் தம்பிகள் இப்படி ஒட்டி உறவாடுவது எப்படி என்று மாமா ஒருநாள் கேட்டாராம். எங்களுக்குள்ளும் சண்டை வரும், வந்தால் சண்டைக்காரர்கள் இருவரையும் ஒரே படகில் ஏற்றி ஏரிக்கு நடுவில் கொண்டுபோய் விட்டுவிடுவோம், எவனாவது ஒருவன் துடுப்புப் போட்டால்தானே கரைக்கு வர முடியும் என்று போர்மேன் சொன்னாராம். அந்த ஆள் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார். மாமா அதை வேதவாக்காய் எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொள்ளக் காரணம் இருந்தது. அவருடைய இரண்டு பிள்ளைகள், அதாவது என் வீட்டுக்காரரும் என் கொழுந்தனாரும், முகம் பார்த்துப் பேசி வருடக்கணக்காகியிருந்தது. சொத்துத் தகராறு என்றால்கூட நாலு பேர் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம். இது மரியாதைத் தகராறு. எங்கள் அய்யனார் கோயில் புரவி எடுப்பில், மண்குதிரைகள் கிளம்பும் முன் எங்கள் வீட்டுத் தலைக்கட்டுக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். மாமா குவைத்தில் இருந்ததால் அது மூத்த மகனுக்கு வரவேண்டியது. அந்த வருடம் மேளக்காரர்களை அழைத்துவர அவர் போன வேன் வழியில் பஞ்சராகிவிட்டது. நேரம் தப்பப் போகிறதென்று ஊர்ப் பெரியவர்கள், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த கொழுந்தனாரை நிறுத்தி அவர் தலையில் கட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். தம்பி தலையில் துணியைப் பார்த்தார். "காசு இருக்கிற தலையாப் பாத்துக் கட்டிட்டாங்கபோல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கொழுந்தனார் பரிவட்டத்தை அவிழ்த்துக் குதிரைக்கு முன்னால் வைத்துவிட்டு, பொங்கலைக்கூடத் தொடாமல் பெண்டாட்டியோடு கிளம்பிப் போனார். பிறகு சிங்கப்பூரை விட்டு வந்து அறந்தாங்கியில், தன் மாமனார் ஊரில், டைல்ஸ் கடை வைத்துக்கொண்டார். எங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இதையெல்லாம் மாமா யாரோ அனுப்பிய வீடியோவில், குவைத்தில் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு பார்த்தார். "நான் ஊர்ல இருந்திருந்தா என் தலையில கட்டிருப்பாங்க ஆத்தா. சண்டைக்கு வேலையே இல்ல" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

ஊர் திரும்பிய பிறகு என்னென்னவோ செய்து பார்த்தார். கிடா வெட்டிக் கூப்பிட்டார், ஒருவர் வந்தால் மற்றவர் வரவில்லை. பங்காளிகளை வைத்துப் பேசினார், பேசப்போனவர்கள் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டுப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைசியில் அவருக்கு ஒன்று தோன்றியது. இந்த மண்ணில் எங்கே கூடினாலும் யார் முன்னே, யார் பின்னே என்று பார்க்க ஆயிரம் கண் இருக்கிறது. நம்மை யாரென்றே தெரியாத இடத்தில், முதல் மரியாதை, கடைசி மரியாதை எதுவும் இல்லாத தண்ணீரில், இரண்டு பேரையும் ஒரு படகில் ஏற்றினால்? நான் குளத்தூரில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள். ஒருநாள் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை வைக்கிறேன், "ஆத்தா, நாம எல்லாருமா மாசிடோனியா போவோம்" என்றார். சாவுக்கும் வாழ்வுக்கும் திருச்சியைத் தாண்டாத குடும்பம். என் அத்தை, அதாவது மாமியார், "அது எங்கிட்டு இருக்கு? துபாய்க்கு அங்கிட்டா, இங்கிட்டா? மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?" என்று கேட்டார்.

அந்தச் சில மாதங்கள் மாமா இருந்த இருப்பை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போதே நாற்காலியை என் மேசைக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருப்பார். "அந்த ஏரியக் கொஞ்சம் காட்டு ஆத்தா" என்பார். திருச்சியில் ஏறினால் எங்கே இறங்கி எந்த விமானம் மாறவேண்டும், அங்கிருந்து ஏரிக்கு மலைப்பாதையில் எத்தனை மணி நேரம், வேனில் யார் பக்கத்தில் யார் என்று யோசித்து யோசித்துக் கலைப்பார். போர்மேனின் தம்பி மாடியறைகளை வாடகைக்கு விடுகிறார் என்றதும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பால்கனியில் திறக்கிற அறைகளாகக் கேட்கச் சொன்னார். காலையில் பல் விளக்க வந்தால்கூட முகத்தில் முழிக்கத்தானே வேண்டும் என்பது அவர் கணக்கு. பட்டறையில் கிரேன் தூக்குவதற்கு முன் எடை எந்தப் பக்கம் சாயும் என்று பார்க்கிறவர் அல்லவா, பிள்ளைகளையும் அப்படியே பார்த்தார். புதுக்கோட்டையில் பனிக்காலத்துக்கு ஸ்வெட்டர் விற்க வருகிற வடநாட்டுக்காரர்களிடம் குல்லா வாங்கி வந்ததும் அப்போதுதான். நாம் போகப்போவது மே மாதம், அங்கே அப்போது வெயில் என்று போனில் காட்டினேன். "மலைநாடுன்னாக் குளிரும். பச்சப்புள்ள இருக்குல்ல" என்று முடித்துவிட்டார். ஏன் எல்லாம் ஒரே நிறம் என்று கேட்டேன். "எவனுக்கும் ஒசத்தி கொறச்சல் இருக்கக் கூடாது" என்றார். எனக்குச் சிரிப்பு அப்போது நின்றது.

என் வீட்டுக்காரர், "அப்பா கூப்பிட்டா வாரேன். அவன்கூடப் பேசுன்னு மட்டும் சொல்லாதீங்க" என்று சம்மதித்தார். கொழுந்தனாரிடம் மாமா போனில் சொன்னார். வாட்ஸ்அப்பில் ஏரிப் படத்தை அனுப்பினார். "சரிப்பா, பாப்போம்" என்று பதில் வந்தது. மாமா அதையே வெல்லம்போலச் சப்பிக்கொண்டிருந்தார். விசாவுக்காகப் பாஸ்போர்ட் நகல் கேட்டபோதுதான் என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி, என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு காதுகுத்துன்னாக்கூடத் தட்டு வச்சு வந்து கூப்பிடுறாங்க. குடும்பமாக் கடல் தாண்டிப் போற காரியம், போன்ல சொன்னா எப்படின்னு இவரு கேக்குறாரு" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊர் சுற்றப் போவதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது எந்த நாட்டுப் பழக்கம்? மாமா கோபப்படவில்லை. "ஆமா ஆத்தா, தப்பு நம்ம மேலதான்" என்றார். மறுநாளே அத்தையையும் கூட்டிக்கொண்டு, எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து, பெற்ற பிள்ளையை அழைக்கப் பஸ் மாறி அறந்தாங்கி போனார். கொழுந்தனார் இருவர் காலிலும் விழுந்து ஆசி வாங்கினார். கோழி அடித்துச் சாப்பாடு போட்டார். கிளம்பும்போது, "நீங்க கூப்பிட்டது சந்தோசம்ப்பா. ஆனா அண்ணன் குடும்பமும்தானே வருது? அண்ணன் வந்து ஒரு வார்த்த கூப்பிடட்டும், நான் வாரேன்" என்றார். மாமா திரும்பி வந்து அதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மூத்தவன் போயி எளையவன் வாசப்படியில வெத்தலத் தட்டோட நிக்கணுமா? அதுவும் டூருக்கு?" என்று கையைக் கழுவிவிட்டார்.

மரியாதை இல்லாத ஊருக்குப் போக அழைப்பு மரியாதை குறுக்கே வந்து நின்றது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி விடவில்லை. இரண்டு குடும்பமும் தனித்தனியே திருச்சி விமான நிலையத்துக்கு வந்துவிட்டால் யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லையே என்றுகூட மாமா கடைசியாய்ச் சொல்லிப் பார்த்தார். இரண்டு பக்கமும் காதில் வாங்கவில்லை. அந்த மே மாதம் போயிற்று. அடுத்த மே மாதத்துக்கு ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் திட்டமிட்டார், அதுவும் போயிற்று. பிறகு அவர் திட்டமிடவில்லை, ஏரியை மட்டும் பார்ப்பார். போர்மேன் எப்போது வருகிறாய் என்று கேட்டு அனுப்பினால், மாடு கன்று போட்டிருக்கிறது, வெள்ளாமை வீட்டுக்கு வரவேண்டும் என்று ஏதாவது என்னை எழுதச் சொல்வார். பிள்ளைகள் பேசிக்கொள்வதில்லை என்று மட்டும் எழுதச் சொன்னதே இல்லை.

மாமா ஒரு பங்குனியில் இறந்துபோனார். மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். நல்லதுக்கு அழைத்தால் போகவேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போகவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொழுந்தனார் பங்காளிகளுக்கெல்லாம் முன்னால் வந்து சேர்ந்தார். தெருமுனையிலேயே காரை நிறுத்திவிட்டு, வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். தட்டு இல்லை, தாம்பூலம் இல்லை. எனக்கு அவரைப் பார்த்து அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த ஓட்டத்தில் பாதியை உயிரோடிருந்த மனிதருக்காக ஓடியிருக்கக் கூடாதா?

பாடையின் முன்பக்கத்தை அண்ணனும் தம்பியும் இரண்டு பக்கமாய்த் தூக்கினார்கள். அஸ்தி கரைக்க எங்களுக்குக் காவிரிதான் பக்கம். ஆனால் அத்தை, "அந்த மனுசனுக்குப் பெரிய தண்ணியா வேணும்" என்று ஒரே பிடியாய் நின்றார். அதனால் கட்டுமாவடிக் கடலுக்குப் போனோம், அத்தைக்குத் துணையாய்ப் பெண்களும் போனோம். இரண்டு கார். கரையில் மீனவர் ஒருவரின் படகைப் பேசி, எங்களில் பிள்ளைகள் இருவர் மட்டும் பானையோடு ஏறினார்கள். ஒரு முனையில் என் வீட்டுக்காரர், மறுமுனையில் கொழுந்தனார். நடுவில் சிவப்புத் துணி கட்டிய பானையில் மாமா. அவர் கேட்டது இதைத்தானே? நான் கரையில் நின்றுகொண்டு, சாமி, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசிவிடட்டும் என்று வேண்டினேன். படகு சிறுத்துப் போய்ப் புள்ளியாயிற்று. திரும்பி வரும்போது கண்ணை இடுக்கிப் பார்த்தேன். போனபடியே உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் கரையைப் பார்த்து, ஒருவர் கடலைப் பார்த்து. ஆளுக்கொரு பக்கம் இறங்கினார்கள். அது மீனவர் ஓட்டிய எஞ்சின் படகு. அதில் யாரும் துடுப்புப் போட வேண்டியிருக்கவில்லை.

கருமாதி முடிந்து கொழுந்தனார் போனார். போனவர் போனவர்தான். போன மாதம் அவர் மகளுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. என் வீட்டுக்காரர் பார்த்தார். "தட்டு வச்சுக் கூப்பிடல" என்று போனைக் கவிழ்த்து வைத்தார். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட அந்தப் பிள்ளைக்குப் பெரியப்பா முகம் நினைவில்கூட இருக்காது. போர்மேன் இன்னும் மாமாவின் போனுக்கு ஏரிப் படங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார். மாமா இறந்த செய்தியை நான் எழுதினேன். அப்படியென்றால் பிள்ளைகளாவது வாருங்கள், படகு இருக்கிறது என்று பதில் வந்தது.

நேற்று பீரோவை ஒழித்தபோது குல்லாக்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். என் மகனுக்கு வாங்கியது அவன் தலையில் இனி நுழையாது. மாமாவுடையதை எதுவும் செய்ய மனம் வரவில்லை. அறந்தாங்கிக்காரர்கள் மூன்று பேருக்கும் வாங்கியதைத் தனியே எடுத்து, "இதையாவது கூரியர்ல அனுப்பிருவோமா அத்தே?" என்று கேட்டேன். அத்தை கட்டிலோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு ஆத்தா கூரியரு? அடுத்து நான்தானே. ஆத்தாளுக்குக் கொள்ளி வைக்கச் சின்னவன்தான் வரணும். அன்னைக்குக் கூப்பிடாமயே வருவான். அப்பக் கையில குடுத்துரு."

சொல்லிவிட்டு மறுபடி விசிற ஆரம்பித்தார். நான் மூன்று குல்லாக்களையும் தனிப் பையில் போட்டு, அந்துருண்டை வைத்து, கைக்கு எட்டுகிற தட்டில் வைத்தேன்.