இரண்டு நாவல்களும் ஒரு பொன்னாடையும்

எங்கள் முடிச்சூர் அபார்ட்மெண்டில் கீழ்வீட்டு லோகநாயகிக்கு நாற்பத்தாறு வயது. கூடுவாஞ்சேரியில் பத்திர எழுத்தர் ஒருவரின் ஆபீஸில் டைப்பிஸ்ட். ஊரெல்லாம் மனை வாங்க, அத்தனைக்கும் பத்திரம் அடித்துக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டில் இருப்பவள். எட்டு வருஷமாகப் பகுதிநேரமாய் பிஎச்.டி. படித்தாள், அதுவும் இரண்டே இரண்டு அரசியல் நாவல்களை வைத்துக்கொண்டு. "உனக்கு வேற வேலையே இல்லையாடி?" என்று மேல்வீட்டுக்காரியான நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

ஒரு நாவல், கடல் தாண்டி ராணுவம் ஆளும் ஒரு நாட்டில் நடப்பது. இன்னொன்று, சாதிக் கலவரம் நடந்த நம்ம பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றின் கதை. இரண்டிலும் அடிபட்ட ஒருவன் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறான். ஒருவரும் திறப்பதில்லை.

"அங்க பயம் பூட்ஸ் போட்டுக்கிட்டு வருதுக்கா. ராணுவம் போனா பயமும் போயிடலாம். இங்க சித்தப்பா, பெரியப்பான்னு உறவு சொல்லிக்கிட்டு வருது. அது எங்க போகும்?" என்று ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அதற்கப்புறம் கிண்டலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

போன மாதம் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அபார்ட்மெண்ட்காரர்கள் எல்லோரும் வேன் பிடித்துப் போய்விட்டோம். அது பரீட்சை என்பது எங்களில் ஒருவர் தலையிலும் ஏறவில்லை. அவள் பேசி முடித்ததும், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சத்யநாராயணன் கேள்வி கேட்க மைக்கை எடுத்தார். அதற்குள் எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி கேசவன் எழுந்து போய் அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார். நாங்கள் கைதட்டினோம். லோகநாயகிக்கு முகம் செத்துவிட்டது.

"நான் இன்னும் கேள்வியே கேக்கலையே சார்" என்று அவர் அதை மடித்துக் கேசவனிடமே கொடுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த ஆத்திரத்துக்குக் கேசவனை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன். பல்கலைக்கழகம் அவளுக்குக் கொடுத்த கெடு அந்த மாதத்தோடு முடிகிறது. திருப்பி அனுப்பினால் எட்டு வருஷமும் வீண்.

சத்யநாராயணன் கேட்டார்: "ரெண்டு நாவல்லயும் ஒருத்தரும் கதவைத் திறக்கலை. ஆனா ரெண்டு சமூகத்துக்கும் மீட்சி உண்டுன்னு கடைசி இயல்ல எழுதியிருக்கீங்க. நாவல்ல அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

லோகநாயகி ஆய்வேட்டைப் புரட்டினாள். புரட்டுவதை நிறுத்திவிட்டு, "எந்தப் பக்கத்துலயும் இல்ல சார்" என்றாள். தொலைந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆனா, அந்த நாட்டு எழுத்தாளர் தப்பிச்சுப் போயி, முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்டு மாடி ரூம்ல உக்காந்துதான் அதை எழுதினார். நம்ம ஊர்க்காரர் எழுதினதை எந்த அச்சகமும் தொடலை. கடைசியில அச்சடிச்சுக் கொடுத்தவர் கலவரத்துல எதிர்த்தரப்பா நின்ன தெருக்காரர். கதைக்குள்ள யாரும் திறக்கலை சார். ஆனா கதை நம்ம கைக்கு வந்திருக்கே. யாரோ திறந்திருக்காங்க."

அவர் தன் முன்னால் இருந்த ஆய்வேட்டை மூடி வைத்தார்.

"இதை ஏன் ஆய்வேட்டுல எழுதலை?"

"இப்பத்தான் சார் தோணுச்சு."

சத்யநாராயணன் சிரித்துவிட்டார். எழுந்து நின்று, பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். புத்தகமாகப் போடும்போது இதையும் சேர்க்கச் சொன்னார். நான் வெட்கம் பார்க்காமல் ஓவென்று அழுதேன். மேடைக்குப் போய் அவளைக் கட்டிக்கொண்டு, "அந்த ரெண்டு புஸ்தகத்தையும் எனக்குக் குடுடி. எதை முதல்ல படிக்கணும்?" என்று கேட்டேன்.

"எதுன்னாலும் சரிக்கா. படிச்சிட்டு வந்து எங்கிட்ட பேசுங்க" என்றாள். "இத்தனை வருஷமா இதைப் பத்திப் பேச எனக்கு ஆளே இல்ல."